முப்பதைத் தொடாத பெட்டி

அத்தியாயம் 9

"ஒரே ஒரு பெட்டிதான். ரெண்டாவது பெட்டியப் பிரிச்சீங்கன்னா எனக்கு வேலை போயிடும், சொல்லிட்டேன்."

கார்கோ கிடங்கின் மேலாளர் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களையும் வேலையை விட்டுத் தூக்குகிறார்களே! பேச்சு எதிரே நின்ற இருவரிடமும் கண் சுவர்க் கடிகாரத்திலுமாக நின்றார். மணி நாலு பதினெட்டு.

ரேடியோ எதிரே பார்த்தான். மரப்பலகைகளின் மேல் ஆள் உயரத்துக்கு அடுக்கிய நூற்றெண்பது பெட்டிகள். எல்லாம் ஒரே ஏஜென்சியின் சரக்கு. எல்லாவற்றிலும் 'ஆயத்த ஆடை' என்ற ஒரே வரி. இந்த ஏஜென்சி சரக்கே வேண்டாம் என்று விமானக் கம்பெனி கைகழுவிவிட்டதால், ஐந்து மணிக்கு அத்தனையையும் திருப்பி எடுத்துப் போக ஏஜென்சி முதலாளிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அவருடைய லாரி வாசலில் பின்கதவைத் திறந்துபோட்டுக் காத்துக்கொண்டிருந்தது. அது கிளம்பிவிட்டால் சாட்சி என்று காட்ட ஒரு துரும்பு மிஞ்சாது. அவன் அக்கா ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. வாயை மூடத் தெரியாதவனுக்கு ஊரார் வைத்தது. துப்பறியும் தொழிலில் அவனுக்கு முதலாளி, ஆசான், வசவு மழை எல்லாமே வக்கீலம்மாதான். அந்த அம்மாள் சட்டப் படிப்பை மூன்றாம் வருஷத்தில் விட்டவர். படிப்பு விட்டாலும் பட்டப்பெயர் விடவில்லை.

இத்தனை நாளும் ஊரான் வீட்டு வம்பைத் தேடி அலைந்த இருவருக்கும் இன்றைக்குச் சொந்த வீட்டிலேயே இடி. காலை ஆறரைக்கு இதே கிடங்கில் ஒரு பெட்டி தீப்பிடித்தது. மேலே எழுதியிருந்தது ஆயத்த ஆடை. உள்ளே இருந்ததோ சென்ட் பாட்டில். துணிக்கு ஏது தலை, ஏது கால் என்று சுமை ஏற்றுகிறவர் பெட்டியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். பாட்டில் உடைந்து கசிந்திருக்கிறது. பக்கத்திலேயே பேட்டரி வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும் இடம். அவர் பிளக்கைப் பிடுங்கினார், ஒரு பொறி பறந்தது, அவ்வளவுதான். சுமை ஏற்றியவர் ரேடியோவின் மாமா, அதாவது அக்கா புருஷன். பெட்டியைக் கட்டியது, இதே ஏஜென்சியில் வேலை பார்க்கும் அக்கா என்றார்கள். 'ஆபத்தான பொருள் எதுவும் இல்லை' என்ற உறுதிமொழியின் கீழே இருந்ததும் அவள் கையெழுத்துதான்.

மாமா தீக்காயப் பிரிவில் கிடந்தார். அக்கா கிடங்கின் வாசல் சாவடியில், போலீஸ்காரர்களுக்கு நடுவே, காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான் செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. போலீஸ் அதிகாரிக்கு அது வசதியாகப் போயிற்று. எரிந்த பெட்டி ஒன்று, கையெழுத்து ஒன்று, ஐந்து மணிக்கு ஆளை ஏற்றினால் வழக்கு முடிந்தது.

"எங்க அக்கா பருப்பு டப்பாவுக்கே பேர் எழுதி ஒட்டுறவ. அவ போய் சென்ட்டுக்கு ஒட்டாம விடுவாளா?" என்று ரேடியோ காலையிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டலை வைத்து ஜாமீன் வாங்க முடியாதே.

வக்கீலம்மா ஏற்கெனவே இரண்டு விஷயம் பிடித்து வைத்திருந்தார். கையெழுத்துப் பெரிய விஷயமில்லை. அக்கா திங்கட்கிழமைதோறும் துணிப் பெட்டிகளுக்காக ஒரு கட்டு வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைப்பாள், அதில் ஒன்றை எவன் வேண்டுமானாலும் உருவலாம். இரண்டாவது விஷயம் எண்ணிக்கை. சாம்பலில் பொறுக்கிய பாட்டில் மூடிகள் ஆறு டஜன். சென்ட் கம்பெனி ஏஜென்சிக்குக் கொடுத்ததோ பதினெட்டு டஜன்.

"அப்போ இன்னும் ரெண்டு பெட்டி இதுக்குள்ளதான் இருக்கு. அதுல ஒண்ணு முழுசா கையில கிடைச்சாப் போதும். யாரு கட்டினா, யாரு பேரை மாத்தினான்னு பெட்டியே சொல்லிடும்" என்றார் வக்கீலம்மா.

"நூத்தி எம்பதுல ரெண்டு. லாட்டரிச் சீட்டுல கூட இதைவிட நல்ல ஆசை காட்டுவான்" என்றான் ரேடியோ. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பேசாமலிருந்தால் அழுதுவிடுவோம் என்ற பயம்.

"மோந்து பாத்தா தெரியாதா?" என்றார் மேலாளர்.

"காலையில எரிஞ்ச சென்ட் வாசனை இந்த ஷெட்டு பூரா அப்பிக் கிடக்கு சார். உங்க சட்டையே கல்யாண மாப்பிள்ளை மாதிரி மணக்குது" என்றான் ரேடியோ.

மேலாளர் தன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

வக்கீலம்மா பெட்டிகளைப் பார்க்கவேயில்லை. எடைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். "டேய், உங்க அக்கா இந்த வேலைக்குப் பரீட்சை எழுதினப்போ அவளுக்குக் கேள்வி கேட்டது யாரு?"

"நான்தான். ரெண்டு மாசம் சோத்துல உப்பு இருக்கான்னு கூடப் பாக்காம கேட்டேன்."

"சென்ட் பாட்டில் விமானத்துல போகணும். எடை என்ன?"

வாய் தானாகச் சொன்னது. "ஒரு பெட்டி மொத்தமா முப்பது கிலோ. ஒரு கிராம் கூடினாலும் மேல ஒட்டுற முத்திரை செல்லாது."

"முத்திரை எப்படி?"

"சதுரம். ஆனா நேரா நிக்காது, முனையில நிக்கும். மேலயும் கீழயும் கறுப்பு, நடுவுல வெள்ளை, அதுல இங்கிலீஷ் ஒய். பக்கத்துல அதே அளவுல சிவப்பா இன்னொண்ணு, தீ எரியிற படம் போட்டது. கீழ பொருளோட நம்பரும் பேரும்."

"அது ரெண்டும் இங்க எந்தப் பெட்டியிலயும் இல்ல மேடம். காலையிலயே சுத்திப் பாத்துட்டோம்" என்றார் மேலாளர்.

"இருக்காது. இருந்தா நாம ஏன் இங்க நிக்கிறோம்? முதலாளி பெட்டியையே மாத்தியிருப்பான். முத்திரை போட்ட பெட்டிய அப்படியே இன்னொரு மொட்டைப் பெட்டிக்குள்ள இறக்கியிருப்பான்னு நெனைக்கிறேன். முத்திரை இருந்தா தனிக் கட்டணம், தனி விமானம், ரெண்டு நாள் தாமதம். துணின்னு எழுதிட்டா இன்னைக்கே போயிடும்." அவர் விரல் பதிவேட்டில் இறங்கிக்கொண்டே போனது. "நாப்பது, நாப்பத்தொண்ணு, முப்பத்தெட்டு... துணிய மனுஷன் ஏறி மிதிச்சுத்தான் அடைச்சிருக்கான். முப்பதுக்குக் கீழ எத்தனைன்னு பாரு."

ஏழு பெட்டிகள். அவற்றில் இரண்டு பத்துப் பதினைந்து கிலோ சில்லறைப் பெட்டிகள். மீதி ஐந்தும் இருபத்தொன்பது கிலோவும் சில்லறையுமாக நின்றன.

"சட்டத்துக்குப் பயந்தவளோட கைதான் முப்பதைத் தொடாம நிக்கும்" என்றார் வக்கீலம்மா. "அஞ்சையும் காட்டுங்க."

மேலாளர் முன்னே ஓட, ரேடியோ பின்னால் ஓடினான். மணி நாலு முப்பத்தொன்று. ஐந்து பெட்டிகளும் ஐந்து மூலைகளில் கிடந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி வந்து நாலு பக்கமும் பார்த்தான். மூன்றில் 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி ஒரு பக்கம் மட்டும், போகிற போக்கில் ஒட்டியது போல் இருந்தது. மற்ற இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒரே உயரத்தில்.

அவன் அந்த அம்பைத் தொட்டுக் காட்டினான். "வக்கீலம்மா, அழகுக்கு ஒட்டுறவன் ஒரு பக்கம் ஒட்டுவான். உள்ள தண்ணியா இருக்குன்னு தெரிஞ்சவதான் எதிரெதிரா ஒட்டுவா. இது அக்கா வேலை."

"ரெண்டுல ஒண்ணை எடு."

மேலாளர் கத்தியால் டேப்பைக் கீறினார். ரேடியோ மூடியை விரித்தான். உள்ளே இன்னொரு பெட்டி இல்லை.

சென்ட் பாட்டில்கள் இருந்தன. ஆறு டஜன். ஒவ்வொரு மூடிக்கும் தனித்தனியாக டேப், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஈரம் உறிஞ்சும் தாள், மூலைகளில் அட்டைத் தாங்கல். மடிப்பின் உள்பக்கம், ஏஜென்சி வழக்கப்படி, கட்டியவரின் சுருக்கக் கையொப்பமும் தேதியும். அக்காவின் கையெழுத்து. பெட்டி மாறவே இல்லை. இதுதான் அவள் கட்டின பெட்டி, இதுதான் வெளி அட்டை. அதில் முத்திரை இல்லை.

வக்கீலம்மா கையிலிருந்த பதிவேட்டை மூடினார்.

"சாரி தம்பி" என்றார் மேலாளர், நிஜமான வருத்தத்தோடு. "இத்தனை நேரம் பெட்டிய யாரு கட்டினான்னு கேட்டா, கையெழுத்து மட்டும்தான் சாட்சி. இப்போ நீங்களே இன்னொண்ணும் எடுத்துக் குடுத்துட்டீங்க. நான் அதிகாரிகிட்ட மறைக்க முடியாது."

ரேடியோவுக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. அக்காவைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி வந்து, அவள் கழுத்தில் தானே சுருக்கை மாட்டியாகிவிட்டது. சும்மா இருந்திருந்தாலாவது பிழைத்திருப்பாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சாவடியின் எழுத்தர். காலையில் டீ வாங்கிக் கொடுத்துப் பழக்கம் பிடித்த ஆள்.

"ரேடியோ, உங்க அக்கா வாயத் தொறந்துட்டாங்கப்பா. ஒத்துக்கிட்டாங்க."

"என்னன்னு?"

"நேத்து சென்ட்டுக்கு மூணு பெட்டி கட்டினாங்களாம். ரெண்டுல முத்திரை ஒட்டிட்டு மூணாவதக் கையில எடுக்கறப்போ, புள்ளைக்கு ஜுரம்னு ஸ்கூல்லேருந்து போன் வந்துச்சாம். போட்டது போட்டபடி ஓடிட்டாங்களாம். 'மூணாவதுல ஒட்டினேனா இல்லையான்னு ஞாபகம் வரல, ஒட்டியிருக்க மாட்டேன், அதுதான் எரிஞ்சிருக்கு, என் புருஷன நானே எரிச்சுட்டேன்'னு ஒரே வார்த்தை. அதிகாரி எழுதிக்கிட்டு இருக்காரு. கையெழுத்து ஆனா வண்டியில ஏத்திடுவாங்க. பத்து நிமிஷம் நான் இழுக்கறேன், அதுக்கு மேல முடியாது."

ரேடியோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து அவள் பேசாததன் அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. யாரையும் காப்பாற்றுவதற்காக அவள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. உள்ளுக்குள் ஒரே ஒரு நிமிஷத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள், அது அகப்படவில்லை.

"என்ன சொன்னான், வார்த்தை மாறாம சொல்லு" என்றார் வக்கீலம்மா.

சொன்னான். சொல்லும்போதே அழுகை வந்தது.

"ரெண்டுல ஒட்டினேன்னு சொன்னாளா?"

"ஆமா."

"அதுல சந்தேகமில்லையா அவளுக்கு?"

"மூணாவதுலதான் சந்தேகமாம்."

"எரிஞ்சது ஒண்ணு. மிச்சம் இருக்கறது இந்த ரெண்டு. அதுல ஒண்ணாவது அவ ஒட்டினேன்னு அடிச்சுச் சொல்றதா இருக்கணுமே! ரெண்டும் மொட்டையா நிக்குதே, எப்படி?"

ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தான். உரித்திருந்தால் அட்டையின் தோல் நார் நாராகக் கிழிந்திருக்க வேண்டும். எங்கும் ஒரு கீறல் இல்லை. முத்திரை என்ன ஆவியாகவா போகும்? தரையில் உட்கார்ந்திருந்ததால் பெட்டியின் பக்கவாட்டு அவன் முகத்துக்கு நேரே இருந்தது. அனுப்புநர் விலாசம் ஒரு சதுர ஸ்டிக்கரில், பெறுநர் விலாசம் இன்னொன்றில். படிக்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டியிருந்தது.

"ஒழுங்கா ஒட்டக் கூட வக்கில்ல. இதைப் படிச்சா தபால்காரனுக்குக் கழுத்துல சுளுக்கு..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தவன், பாதியில் நின்றுவிட்டான்.

சுற்றிலுமிருந்த துணிப் பெட்டிகளைப் பார்த்தான். அத்தனை விலாசமும் நேராக இருந்தது. எழுந்து ஓடிப்போய் இன்னொரு அம்புப் பெட்டியைப் பார்த்தான். அதிலும் இரண்டு விலாசங்களும் முனையில் நின்றன. கீழே, மூட்டே இல்லாத இடத்தில், ஒரு துண்டு பழுப்பு டேப்.

"வக்கீலம்மா! முத்திரை எங்கயும் போகல, விலாசத்துக்கு அடியிலதான் இருக்கு. நேரா ஒட்டினா நாலு முனையும் வெளிய எட்டிப் பாக்கும். அதான் விலாசத்தையும் முனையில நிக்க வெச்சிருக்கான். பெரிய ஸ்டிக்கர் வாங்க மனசு வரல அந்தக் கஞ்சனுக்கு!"

வக்கீலம்மா மேலாளரைப் பார்த்தார். "ஒரு பெட்டின்னு சொன்னீங்க. இது அதே பெட்டிதான்."

மேலாளர் தானே குனிந்து நகத்தைக் கொடுத்தார். அட்டை மேல் ஒட்டியிருந்தால் பிய்த்துக்கொண்டு வரும். இது வழவழவென்று முழுசாக வந்தது. அடியில் கறுப்பு முனை, வெள்ளை, ஒய், மறுபடி கறுப்பு. இரண்டாவதன் அடியில் சிவப்பு. டேப்பின் கீழே, பிசிறில்லாத எழுத்தில், எண்ணும் பெயரும். ரேடியோ அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"என்ன சார் நடக்குது? என் சரக்கை யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?"

முதலாளி வந்துவிட்டார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் லாரிச் சாவி. பெட்டியைப் பார்த்ததும் சாவி ஆடுவது நின்றது. ஆனால் மனுஷன் லேசுப்பட்டவரில்லை. மூச்சு ஒருமுறை வாங்கியதும் முகம் பழையபடி ஆகிவிட்டது.

"சரி, ரெண்டு பெட்டியில மறைச்சேன். தப்புதான், அபராதம் கட்டறேன். இந்த ரெண்டும் யாரையும் எரிக்கலையே! எரிஞ்சது மூணாவது. அதுல அந்தப் பொண்ணு ஒட்டவே மறந்துட்டா. சாவடியில அவளே சொல்லிட்டாளாம், இப்பத்தான் கேட்டுட்டு வரேன். மொட்டையா இருந்த பெட்டிக்கு நான் என்ன பண்றது தம்பி?"

ரேடியோவுக்கு அவரை அடிக்கத்தான் கை எழுந்தது. எழுந்த கை கும்பிட்டது.

"ஐயா, ஜெயிலு, வழக்கு எல்லாம் அப்புறம். அது உங்க பாடு. அந்த மூணாவது பெட்டியில முத்திரை இருந்துச்சா இல்லையா? உலகத்துல உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். அது மட்டும் சொல்லுங்க. அவ செத்துடுவா."

முதலாளி அவனைப் பார்த்தார். ஒரு கணம் அவர் கண் தாழ்ந்தது. பிறகு சொன்னார்: "இல்ல தம்பி. இருந்தா நான் மறைச்சிருப்பேனே."

"சார், ஆறு டஜன் மூடியத் தவிர மிச்சமெல்லாம் சாம்பல்னு சொன்னாங்க" என்றார் வக்கீலம்மா மேலாளரிடம், அவசரமே இல்லாத குரலில். "அப்புறம் அது இந்த ஏஜென்சி பெட்டின்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒரு துண்டு மிஞ்சிச்சு மேடம். விலாசம் இருந்த துண்டு. போலீஸ் சாயந்திரம் வாங்கிக்கறோம்னாங்க, என் டிராயர்ல..."

முடிக்கவில்லை. மூவரும் அவர் அறைக்கு ஓடினார்கள்.

பாலிதீன் உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அட்டைத் துண்டு. மூன்று பக்கம் கருகியிருந்தது. ஸ்டிக்கரில் ஏஜென்சியின் பெயரும் ஊர்ப் பெயரில் பாதியும். பெட்டியின் மேல் பக்கம் எது, கீழ்ப் பக்கம் எது என்று துண்டில் தெரியவில்லை, எழுத்தைப் பார்த்துப் பிடித்தால் விலாசம் நேராகத்தான் நின்றது.

"எழுத்தப் பாக்காத. அட்டையப் பாரு" என்றார் வக்கீலம்மா.

மேல்தாள் எரிந்துபோன ஓரத்தில் அட்டையின் உள் வரிகள் தெரிந்தன. எந்தப் பெட்டியிலும் அந்த வரிகள் மேலிருந்து கீழாகச் செங்குத்தாக ஓடும். பாரம் தாங்க அப்படித்தான் செய்வார்கள். ரேடியோ உறையைத் திருப்பி வரிகளை நிமிர்த்திப் பிடித்தான். விலாசம் மூலைவாட்டில் சாய்ந்தது. சாய்ந்த ஸ்டிக்கரின் கருகிய ஓரத்துக்கு அடியிலிருந்து, விரல் நகத்தளவு சிவப்பு எட்டிப் பார்த்தது.

மேலாளர் இரண்டு முறை பார்த்தார். பிறகு போனை எடுத்து அதிகாரியைக் கூப்பிட்டார். "சார், எதுலயும் கையெழுத்து வாங்காதீங்க. உடனே ஷெட்டுக்கு வாங்க. ஏஜென்சி லாரிய வாசல்ல நிறுத்தி வைங்க." ஜன்னல் வழியே பார்த்தால், முதலாளி, பெட்டிகளை எடை போடும் மேடை மீதே உட்கார்ந்திருந்தார். அவரைப் பிடித்து வைக்க ஆள் தேவைப்படவில்லை.

ரேடியோ எழுத்தருக்குப் போன் போட்டு அக்காவிடம் கொடுக்கச் சொன்னான். எழுத்தர் போனை அவள் கையில் கொடுத்தார்.

"அக்கா, ஒட்டியிருக்கே. நீ எல்லாத்துலயும் ஒட்டியிருக்கே. அந்த ஆளுதான் மேல விலாசத்த ஒட்டி மறைச்சிருக்கான்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"கேக்குதாக்கா?"

"எரிஞ்சதுலயுமா?"

"எரிஞ்சதுலயும். கண்ணால பாத்துட்டேன்க்கா. சத்தியமா."

வக்கீலம்மா அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பக்கம் அக்கா உடைந்து அழும் சத்தம் கேட்டது. அழுது முடித்துத்தான் பேசினாள்.

"காலையிலேருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், ஒரு தடவை வந்து பாருன்னு இவங்களே கூப்பிடறாங்கடா. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறதுன்னு நான்தான் உக்காந்திருந்தேன். இப்போ நான் உங்க மாமாவப் போய்ப் பாக்கலாம் இல்ல?"